எடை குறைக்கத் துணை தேடும்போது செய்யும் தவறுகள்

கோவை ரேஸ்கோர்ஸில் ஆறு வருடமாகக் காலையில் நடக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் புது முகங்கள் வரும், மார்ச்சில் பாதிப் பேரைக் காணோம். போன வாரம் ஒரு தம்பி கையில் இலவசப் பரிசோதனைச் சீட்டோடு ஓடி வந்து, "அக்கா, எனக்கு 33 வயசுதான், உடல் வயது 51னு சொல்றாங்க" என்று பதறினான். அதே சீட்டை நானும் ஒரு காலத்தில் வாங்கியவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பஜ்ஜியைக் குறை, நேரத்துக்குத் தூங்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

விற்பவரைத் துணை என்று நம்புவது

நடக்கிற இடத்தில் மேசை போட்டு, இலவசப் பரிசோதனை என்று கூப்பிடுவார்கள். கையில் பிடிக்கச் சொல்லும் அந்தக் கருவி உடம்புக்குள் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, வரும் தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடுகிறது. உடம்பில் நீர் குறைந்திருந்தால் எண் மாறிவிடும். ஒரு மணி நேரம் வியர்க்க நடந்தவரை அதில் அளந்து பயமுறுத்துவது அநியாயம் இல்லையா?

மறுநாள் ஒரு வீட்டு மாடிக்கு வரச் சொன்னார்கள். கைதட்டல், பழைய போட்டோ, புது போட்டோ, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர், மாதம் 7,000 ரூபாய். தினமும் போன் செய்து பாசமாக விசாரித்தார்கள், அதில்தான் விழுந்தேன். முதல் வாரமே மூன்று கிலோ குறைந்தது. சாப்பாடு சட்டென்று குறைந்தால் உடம்பு சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரையும், ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து போகும், ஆக அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நான்காம் மாதம் பணம் இல்லை என்றேன், போன் நின்றுவிட்டது. குறைந்த ஆறு கிலோவும் திரும்பி, மேலே இரண்டு ஏறியது.

பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அப்போது தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதை அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. சோயா கலந்த பவுடரை மாத்திரையோடு ஒட்டிக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இன்றைக்கும் எரிச்சல் வருவது அதை நினைத்துத்தான். சேரும் முன் ஒன்று கேளுங்கள்: எதுவும் வாங்காவிட்டாலும் நாளைக்கு வரலாமா?

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியை ஒதுக்குவது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் இலவசமாகவே பார்க்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். முதலில் அங்கே போய் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். வெளிநாட்டு அட்டவணையில் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 25 வரை சரி என்றிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். நம்மவர்களுக்கு 23இலேயே கூடுதல் எடை தொடங்கிவிடுகிறது, இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

சமைப்பவரை வீட்டிலேயே விட்டுப் போவது

எங்கள் வீட்டில் மாமியார் சமையல். டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பட்டியலை நான் கொண்டுபோய் நீட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது, தன் கையைக் குறை சொன்னதாகத்தானே படும். அடுத்த முறை அவரையும் கூட்டிப்போனேன். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்று டயட்டீஷியன் சொன்னார். நாலு பேருக்கு ஐந்து லிட்டர் வாங்குகிறோமே என்று மாமியாரே கணக்குப் போட்டார். அப்புறம் எண்ணெய் விஷயத்தில் நான் வாயே திறக்கவில்லை.

தூரத்துக் குழுவில் சேர்வது

நடந்து போகிற தூரத்தில் இல்லையென்றால் வேண்டாம்.

முதல் நாளே எட்டு கிலோமீட்டர்

2023இல் மாவட்டந்தோறும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை 8 கி.மீ. நீளம். அதை முழுதாக நடந்துவிட்டு மூட்டு வலியோடு படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேஸ்கோர்ஸ் சுற்று சுமார் இரண்டரை கி.மீ. வரும், ஆரம்பத்துக்கு ஒரு சுற்று போதும்.

எடை குறைந்ததும் குழுவை விடுவது

குறைத்ததைத் தக்கவைப்பதுதான் கடினம், அப்போதுதான் ஆள் வேண்டும். சேர்ந்து நடக்கும் எங்கள் ஐந்து பேருக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் எடை பார்ப்போம், இரண்டு கிலோ ஏறியவர் அன்றைக்கே மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும். போன தீபாவளிக்குப் பிறகு நான்தான் சொன்னேன். மறுநாள் ஐந்தரைக்கு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.