இரட்டைத் தட்டலைத் தடுக்கும் சிறு லிஸ்னர்

ஆண்ட்ராய்ட் செயலியில் "பணம் செலுத்து" போன்ற பொத்தான்களுக்கு, தட்டலைக் கவனித்து வேலையைத் தொடங்கும் ஆன்கிளிக்லிஸ்னரை (OnClickListener) இம்ப்ளிமென்ட் செய்யும் சொந்த கிளாஸ் ஒன்றை எழுதிப் பாவியுங்கள். கடைசியாக ஏற்ற தட்டலின் நேரத்தை அது நினைவில் வைத்து, 700 மில்லி செக்கனுக்குள் வரும் அடுத்த தட்டலை விட்டுவிட வேண்டும்.

கொழும்பு காலி வீதி நெரிசலில் குலுங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு தட்டுபவரின் விரல் இரண்டு தரம் பட்டுவிடும். அடுத்த திரை வருவதற்குள் இரண்டாவது தட்டலும் வரிசையில் சேர்ந்துவிடுவதால், 1,500 ரூபாய் பில்லுக்கு இரண்டு கோரிக்கைகள் போய்விடும். நேரத்தை, போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணும் சிஸ்டம்குளொக்கின் எலாப்ஸ்ட்ரியல்டைமில் (SystemClock.elapsedRealtime) எடுங்கள். போனின் மணிக்கூட்டைப் பார்க்கும் கரன்ட்டைம்மில்லிஸை (currentTimeMillis) நம்பினால், அந்த மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றியதும், அது பழைய நேரத்தைத் தாண்டும்வரை பொத்தானே வேலை செய்யாது.

ஒவ்வொரு பொத்தானுக்கும் இந்த கிளாஸின் தனி ஒப்ஜெக்ட் ஒன்று அவசியம். ஒன்றையே பகிர்ந்தால் "ரத்து" பொத்தானின் தட்டலும் விழுங்கப்படும், அது மிக மோசம்.

அடுத்தடுத்து வேகமாகத் தட்ட வேண்டிய எண் பலகை, கூட்டல் கழித்தல் பொத்தான்களுக்கு இது ஒத்துவராது. சிக்னல் மந்தமாகிப் பதில் சில செக்கன் தாமதித்தாலும் இது போதாது; பதில் வரும்வரை பொத்தானை முடக்கி, ஒரே கொடுப்பனவு எண் இரண்டு தரம் வருகிறதா என்று சேர்வரிலும் சரிபாருங்கள்.