லாரி கம்பெனில சைன் பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டுட்டுப் போங்க

போன ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் தேக்காவுல டீ குடிச்சிட்டு நிக்கிறப்ப ஊர்க்காரத் தம்பி ஒருத்தன் ஓடி வந்து, அண்ணே பிரைம் மூவர் (கண்டெய்னர் டிரெய்லர இழுக்குற வண்டி) வேலை கெடச்சிருச்சு, மாசம் 2,800 வெள்ளியாம் (சிங்கப்பூர் டாலர்), நாளைக்கு சைன் பண்ணப் போறேன்னான். ரொம்ப சந்தோசம்டா, அதுல பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவுன்னு கேட்டேன், தெரியலண்ணே. மாசச் சம்பளமா டிரிப் கணக்கா, தெரியல. நைட்டு வண்டிய எங்க போடணும், எங்கயாவது ஒரசிட்டா யாரு கட்டணும், அதுவும் தெரியல. நானும் பதினாலு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி மொத்தத் தொகைய மட்டும் கேட்டுட்டுப் போயி சைன் பண்ணவன்தான், அதுக்கு எவ்வளவு குடுத்தேன்னு கீழ சொல்றேன். சக்கரம் ஓடுறப்ப எல்லா கம்பெனியும் நல்ல கம்பெனிதான். வண்டி நிக்கிற நேரத்துக்கும் ஏதாவது தப்பா நடந்த நாளுக்கும் காசு யாரு தலைல விழுதுங்கிறதுலதான் வித்தியாசமே இருக்கு, அதத்தான் மொதல்ல கேக்கணும்.

மொதல்ல எந்த வண்டின்னு கேளுங்க. "லாரி டிரைவர்"னு பொதுவா சொன்னா ஒத்துக்காதீங்க. 14 அடி லாரிக்கு கிளாஸ் 3 லைசன்ஸ் போதும், 24 அடிக்கு கிளாஸ் 4 வேணும், பிரைம் மூவருக்குப் பெரும்பாலும் கிளாஸ் 5 கேப்பாங்க. இத ஏன் சொல்றேன்னா, கிளாஸ் 3 வச்சிருக்க பையன எடுத்துக்கிட்டு ஒரு மாசம் கழிச்சு, இன்னைக்கு அந்த டிரைவர் எம்சி (உடம்பு சரியில்லாத லீவு), பெரிய வண்டிய நீ கொஞ்சம் பக்கத்துல கொண்டுபோயி விட்டுட்டு வான்னு சொல்ற எடமும் இருக்கு, லைசன்ஸ் இல்லாத வண்டில ஏறினா இன்சூரன்ஸ் கைவிட்ரும், கேசு உங்க மேலதான் வரும். கிரேன் வச்ச லாரின்னா அதுக்குத் தனி கோர்ஸ், கெமிக்கல், கேஸ் மாதிரி ஆபத்தான சரக்குன்னா எஸ்சிடிஎஃப் (தீயணைப்பு, சிவில் பாதுகாப்புப் படை) குடுக்குற பெர்மிட் தனி. அந்த கோர்ஸுக்கு யாரு காசு கட்டுறா, கம்பெனி கட்டுச்சுன்னா எத்தன வருசம் பாண்ட், நடுவுல விட்டுட்டுப் போனா முழுசும் திருப்பிக் கட்டணுமா, இல்ல இருந்த மாசத்தக் கழிச்சுக்குவாங்களான்னு கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்குங்க.

ஊர்லேருந்து புதுசா வர்றவங்க இதக் கவனிங்க. 2025 செப்டம்பர் 1லேருந்து கனரக வண்டி டிரைவர் வேலைக்கும் இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மாதிரி நாட்டு ஆளுங்கள வொர்க் பெர்மிட்ல எடுக்கலாம்னு எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) தொறந்து விட்ருக்கு, அதுக்கு மாசம் நிரந்தரச் சம்பளம் குறைஞ்சது 2,000 வெள்ளி இருக்கணும். அதனால ஊர்ல ஏஜென்ட் உங்ககிட்ட வேற கணக்கு சொன்னா, ஐபிஏ லெட்டர (வொர்க் பெர்மிட்டுக்கு எம்ஓஎம் மொதல்ல குடுக்குற ஒப்புதல் கடிதம்) எடுத்துக் காட்டச் சொல்லுங்க. பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, தங்குறதுக்கு எவ்வளவு பிடிப்பாங்க எல்லாம் அதுல இருக்கும். அதுல இருக்குற தொகைய, நீங்க எழுதிக் குடுக்காம, எம்ஓஎம்முக்கும் சொல்லாம கம்பெனி கொறைக்க முடியாது. இங்க உள்ள ஏஜென்சி உங்ககிட்ட வாங்குறதுக்கும் வரம்பு இருக்கு, ஒரு வருச கான்ட்ராக்ட்டுக்கு ஒரு மாசச் சம்பளம், எத்தன வருசமா இருந்தாலும் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல கூடாது. லெவிங்கிறது வெளிநாட்டு ஆள வச்சிருக்கறதுக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது, அத உங்க சம்பளத்துல கழிக்கிறேன்னு சொன்னா அந்த எடத்துலயே எந்திரிச்சிருங்க.

இப்ப சம்பளத்துக்கு வருவோம். 2,200 வெள்ளின்னு ரெண்டு கம்பெனி சொல்லுது. ஒருத்தன் பேசிக்கே 2,200, இன்னொருத்தன் பேசிக் 1,200 அலவன்ஸ் 1,000, கையில வர்றது ஒண்ணுதானன்னு தோணும். ஆனா ஓடி (ஓவர்டைம்) கணக்கு பேசிக்லதான் போடுவாங்க. மாச பேசிக்க 12ஆல பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரம்னு வகுத்தா ஒரு மணி நேரக் கூலி, ஓடிக்கு அதுல ஒன்றரை மடங்கு. 2,200க்கு மணிக்கு 17 வெள்ளி 31 காசு வரும், 1,200க்கு வெறும் 9 வெள்ளி 44 காசு. மாசம் 60 மணி நேரம் ஓடி பாத்தா ரெண்டுக்கும் நடுவுல 470 வெள்ளிக்கு மேல வித்தியாசம், அது ஊர்ல ஒரு குடும்பத்தோட மாசச் செலவு. லாரி டிரைவருங்க சட்டத்துல வொர்க்மேன் கணக்குல வர்றாங்க, பேசிக் 4,500 வெள்ளி வரைக்கும் இந்த ஓடி சட்டம் உங்களுக்கு உண்டு, டிரைவருக்கு ஓடி கெடையாதுப்பான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாசம் 72 மணி நேர ஓடி, சாதாரணமா இதுதான் உச்சம். சிங்கப்பூரர், பிஆர்னா (நிரந்தரவாசி) சிபிஎஃப் (சேமநிதி) உண்டு, அதோட வெளிநாட்டு ஆளுங்கள எடுக்குற கம்பெனின்னா 2023 மார்ச் 1லேருந்து டிரைவர் வேலைக்கு படிப்படியா ஏறுற சம்பளத் திட்டம் இருக்கு, அதுல உங்க படி எதுன்னு கேளுங்க.

டிரிப் கணக்குன்னா இன்னும் நெறைய கேக்கணும். துவாஸ்ல ஒரு பாக்ஸ் (கண்டெய்னர்) எடுத்து பெஞ்சுருல எறக்குறது ஒரு டிரிப், சரி. காலி பாக்ஸ டிப்போவுக்குத் திருப்பிக் கொண்டுபோறது தனி டிரிப்பா, அதோட சேந்ததா? கஸ்டமர் கூடவுன்ல அன்லோடிங் மூணு மணி நேரம் ஆனா வெயிட்டிங் உண்டா, எத்தனாவது மணி நேரத்துலேருந்து உண்டு? போர்ட்ல கூட்டமா இருந்து கேட்டுக்கு வெளியவே அரை நாள் போனா? எடுக்கப் போன பாக்ஸ் ரெடியா இல்லன்னு வெறும் டிரெய்லரோட திரும்பி வந்தா அது கணக்குல வருமா? 2024 நடுவுல இங்க போர்ட்ல கப்பல் நெரிசல் வந்தப்ப டிரிப் கணக்குல இருந்தவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும், பன்னெண்டு மணி நேரம் ஸ்டியரிங் பின்னாடி ஒக்காந்திருப்போம், சீட்டுல பாத்தா ரெண்டே டிரிப் இருக்கும். அதனால டிரிப் எத்தன போனாலும் போகாட்டியும் மாசம் நிச்சயமா இவ்வளவுன்னு ஒரு தொகை உண்டான்னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு ஆபீஸ்ல மழுப்புனாங்கன்னா எனக்கு அதுவே போதும், நான் அங்க சேர மாட்டேன்.

அடுத்தது பிடித்தம். இதுலதான் நான் அடிபட்டேன். சேந்து ரெண்டாவது மாசம், ஒரு டிப்போவுல ரிவர்ஸ் எடுக்குறப்ப 40 அடி பாக்ஸோட மூலை பக்கத்துல அடுக்கி வச்சிருந்த பாக்ஸ்ல ஒரசிருச்சு. மழை, சைடு கண்ணாடி பூரா தண்ணி, பாத்துச் சொல்ல ஆளு யாரும் இல்ல. கீழ எறங்கிப் பாத்தா ஒரு கை நீளத்துக்குக் கோடு, ஓரத்துல லேசா ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆபீஸ்ல இன்சூரன்ஸ் எக்ஸஸ்னு (இன்சூரன்ஸ் குடுக்காம நம்ம பக்கம் கட்ட வேண்டிய பங்கு) ஒரு கணக்கச் சொல்லி 1,800 வெள்ளிய மூணு மாசத்துல 600, 600, 600ன்னு கழிச்சாங்க. கேட்டா, நீ சைன் பண்ணிருக்கியேன்னு ஒரு பேப்பரக் காட்டுனாங்க, சேர்ற அன்னைக்கு கட்டா குடுத்த பேப்பருல அதுவும் ஒண்ணு, முழுசும் இங்கிலீஸு, நான் எங்க படிச்சேன். அந்த மூணு மாசமும் ஊருக்குப் பாதிதான் அனுப்புனேன், அம்மாகிட்ட வேலை கம்மின்னு பொய் சொன்னேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, கம்பெனி பொருளுக்குச் சேதம்னு பிடிக்கிறதா இருந்தா மொதல்ல நம்மகிட்ட விசாரிச்சு, நம்ம சொல்றதக் கேக்கணும், நம்ம கவனக்குறைவாலதான் நடந்துதுன்னு இருக்கணும், அப்பவும் ஒரு மாசச் சம்பளத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, அதுவும் ஒரே தடவதான். மாசாமாசம் இழுக்குறதுக்கு வழியே கெடையாது. அப்ப இது தெரிஞ்சிருந்தா நேரா எம்ஓஎம்முக்குப் போயிருப்பேன்.

அதனால கேளுங்க, ஆக்சிடென்ட் ஆனா எக்ஸஸ் எவ்வளவு, யாரு கட்டுறா, போன வருசம் டிரைவருங்க யாருகிட்டயாவது பிடிச்சீங்களா? கடைசிக் கேள்விய ஆபீஸ்ல கேக்குறத விட வெளிய வண்டி கழுவிட்டு இருக்க டிரைவர்கிட்ட கேட்டா உண்மை வரும். இன்டர்வியூக்கு அரை மணி நேரம் முன்னாடியே போயி யார்டுல நில்லுங்க, ஒரு கோப்பி வாங்கிக் குடுத்து அண்ணே இங்க எப்படின்னு கேட்டா மனுசன் கொட்டித் தீத்துருவான்.

சம்மன் (அபராதச் சீட்டு) விசயமும் இதோட சேந்ததுதான். செகப்பு லைட் தாண்டுறது உங்க தப்பு, நீங்கதான் கட்டணும், அது நியாயம். ஆனா ஓவர்லோடு? ஏத்துனது அவங்க. டெலிவரிக்கு நிறுத்த எடமே இல்லாத கடைக்கு அனுப்பிட்டு அங்க வர்ற பார்க்கிங் சம்மன்? உயரம் 4.5 மீட்டருக்கு மேல போற சரக்குக்கு பெர்மிட் எடுக்காம அனுப்புனா? இதெல்லாம் யாரு கணக்குன்னு முன்னாடியே பேசிருங்க. காசு மட்டும் இல்ல, பாயின்ட் உங்க லைசன்ஸ்லதான் ஏறும். 24 மாசத்துல 24 பாயின்ட் ஆச்சுன்னா லைசன்ஸ நிறுத்தி வச்சிருவாங்க, மொத வருசம் புரொபேசன்ல இருக்குறவங்களுக்கு 13லயே ரத்து. ஒரு செகப்பு லைட்டுக்கே 12 பாயின்ட். 3,500 கிலோவுக்கு மேல உள்ள லாரி எக்ஸ்பிரஸ்வேல 60தான் போகணும், ஸ்பீட் லிமிட்டர் மாட்டிருக்கான்னு கேளுங்க, லிமிட்டர் இருக்க வண்டிக்கு, ஏன் லேட்டுன்னு விரட்டாத டிஸ்பாட்ச்சர் இருக்காரான்னும் கேளுங்க.

ராத்திரி பார்க்கிங்க பல பேரு மறந்துருவாங்க. பெரிய வண்டிய வீட்டு புளோக்குக்குக் கீழ போட முடியாது, அதுக்குன்னு எடம் பதிஞ்சு பார்க்கிங் சர்ட்டிபிகேட் இருக்கணும். நீங்க தங்குறது உட்லண்ட்ஸ், வண்டி போடுறது துவாஸ், காலைல 5 மணிக்கு ஸ்டார்ட்னா மொத பஸ், மொத எம்ஆர்டி எதுவும் ஒதவாது. டிரான்ஸ்போர்ட் குடுக்குறாங்களா, இல்ல பக்கத்துலயே தங்க எடமான்னு கேட்டுக்குங்க.

கட்டுமானக் கம்பெனில டிரைவரா சேர்றவங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். அங்க பல எடத்துல டிரைவர்னா காலைல ஆள ஏத்திட்டுப் போகணும், பகல் முழுக்க சைட்ல கம்பி தூக்கணும், சாயங்காலம் திரும்ப ஆள ஏத்திட்டு வரணும். 2023 ஜனவரிலேருந்து விதி இருக்கு, ஆறு மணி நேரத்துக்கு மேல வேலை பாத்த ஆளு, ஆளுங்கள ஏத்தி ஓட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓய்வு எடுக்கணும், தூங்கிராம பாத்துக்க வண்டில ஒருத்தர் கூட இருக்கணும். பின்னாடி ஒக்காந்திருக்க அத்தன பேரும் நம்ம அண்ணன் தம்பிங்க, அந்த அரை மணி நேரம் நெசமா கெடைக்குதா, இல்ல பேப்பர்ல மட்டுமான்னு கண்டிப்பா கேளுங்க, சைட்ல வேலை பாக்குற நேரமும் ஓட்டுற நேரமும் சேத்து ஓடி கணக்கு வருமான்னும் கேளுங்க.

வண்டியப் பாக்காம சைன் பண்ணாதீங்க. டயரக் கையால தடவிப் பாருங்க, பிரேக் மிதிச்சுப் பாருங்க, ஏர்கான் ஓடுதான்னு பாருங்க, மத்தியான வெயில்ல அது இல்லாம கண்ணச் சொருகும். பத்து வருசத்துக்கு மேல உள்ள வண்டின்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா இன்ஸ்பெக்சன், கடைசியா எப்ப பாஸ் ஆச்சு, ரிப்பேர்னு சொன்னா ஒடனே ஒர்க்ஷாப் அனுப்புறீங்களா, வண்டி ஒர்க்ஷாப்ல நிக்கிற நாளுக்கு சம்பளம் உண்டான்னு கேளுங்க.

இவ்வளவும் வாயால பேசுனது மட்டும் பத்தாது. வேலைல சேந்து 14 நாளுக்குள்ள வேலை விதிமுறைய எழுத்துல குடுக்கணும், மாசாமாசம் பேஸ்லிப் குடுக்கணும், சம்பளம் மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள, ஓடி 14 நாளுக்குள்ள வரணும். புரியாத பேப்பர்ல சைன் பண்ணாதீங்க, ஒரு நாள் டைம் குடுங்கண்ணேன்னு போட்டோ எடுத்துட்டு வந்து தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. ஓட்டுன நேரம், டிரிப், வெயிட்டிங் எல்லாத்தையும் ஒரு சின்ன நோட்டுல அன்னன்னைக்கே எழுதி வைங்க. சம்பளப் பிரச்சினைன்னா டாடம்ல (வேலைத் தகராறப் பேசித் தீத்து வைக்கிற அமைப்பு) புகார் குடுக்கலாம், வேலைல இருக்குறப்பன்னா ஒரு வருசத்துக்குள்ள, விட்டுட்டா கடைசி நாள்லேருந்து ஆறு மாசத்துக்குள்ள, அங்க போறப்ப அந்த நோட்டுதான் பேசும்.

சாவி கைக்கு வந்த மொத நாள், ஏறி ஒக்காருறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி நடந்து நாலு மூலையும், கண்ணாடியும், டெயில் லைட்டும், ஏற்கெனவே இருக்க ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்சப்புல அனுப்பிருங்க, "அண்ணே வண்டி வாங்குறப்ப இப்படி இருந்துச்சு"ன்னு ஒரு வரியோட.