குரல் உடையும் இடம்: இரு நிறுவன ஸ்விட்சுகள் சந்திக்கும் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கிறது” என்ற புகார் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் சந்தேகிப்பது தொலைபேசிக் கருவியை; அடுத்து, அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் ஐபி பிபிஎக்ஸை; அதற்கும் அடுத்து இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தை. ஒரே கட்டடத்தில், கீழ்த்தளத்தில் ஒரு நிறுவனம் தயாரித்த ஸ்விட்சும் (தொலைபேசிகளையும் கணினிகளையும் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) மாடியில் வேறொரு நிறுவனத்தின் ஸ்விட்சும் இருந்து, புகார்கள் எல்லாம் மாடியிலிருந்தே வருகின்றன என்றால், அந்த வரிசையைத் தலைகீழாக்கித் தேடத் தொடங்க வேண்டும். இரண்டு ஸ்விட்சுகளும் தனித்தனியே பழுதில்லாமல் இருந்தபடியே, அவற்றை இணைக்கும் ஒற்றைக் கேபிளில் குரல் உடையலாம். ஒரே சொல்லுக்கு இரு பக்கமும் வெவ்வேறு பொருள் கொள்வதும், ஒரே எண்ணை இரு பக்கமும் வெவ்வேறாகப் படிப்பதும்தான் பெரும்பாலும் காரணம் என்பது என் அனுபவம்.

“பிங் நன்றாகப் போகிறது, ஆகவே நெட்வொர்க்கில் குறையில்லை” என்று முடிவு கட்டுவது முதல் தவறு. பிங் என்பது ஒரு கருவி பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு சோதனைப் பாக்கெட். குரலைத் தரவாக மாற்றும் வழக்கமான ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 50 பாக்கெட்டுகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும், முகவரி, வரிசை எண் போன்றவற்றைச் சுமக்கும் ஐபி, யுடிபி, ஆர்டிபி ஹெடர்களுக்காக 40 பைட்டும் இருக்கும். ஈதர்நெட் சுமையையும் சேர்த்தால் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். வினாடிக்கு ஒன்று வீதம் நான்கு பிங் அனுப்பி, நான்கும் திரும்பிவிட்டன என்று மகிழ்வது, 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை தாளம் தவறாமல் வந்து சேர வேண்டிய ஓர் ஓட்டத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. அதைவிட முக்கியமாக, முன்னுரிமை வரிசைகள் அமைக்கப்பட்ட நெட்வொர்க்கில் சாதாரண பிங் செல்லும் வரிசை வேறு, குரல் செல்ல வேண்டிய வரிசை வேறு. பார்க்க வேண்டியது உண்மையான அழைப்பின் ஆர்டிபி ஓட்டத்தை, அதாவது குரல் பாக்கெட்டுகளின் தொடரை. அதை வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடித்து, தொலைந்த பாக்கெட்டுகளையும் ஜிட்டரையும் (பாக்கெட்டுகள் வந்து சேரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) பார்ப்பதே அளவீடு.

இனி சொற்களுக்கு வருவோம். “ட்ரங்க்” என்ற சொல்லால் வீணான மணிநேரங்கள் கொஞ்சமல்ல. சிஸ்கோ ஸ்விட்சில் ட்ரங்க் என்றால் பல விலான்களை (ஒரே கேபிளில் பிரித்து வைக்கப்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள்) 802.1கியூ டேக் (எந்த விலான் என்று சொல்லும் அடையாளம்) போட்டுச் சுமந்து செல்லும் போர்ட். எச்பி புரோகர்வ் மரபில் வந்த ஸ்விட்சுகளில் அதே சொல், பல கேபிள்களை ஒன்றாகக் கட்டி ஒரே இணைப்பாக்குவதைக் குறிக்கும். சிஸ்கோ அதை ஈதர்சேனல் என்கிறது. “இரண்டு பக்கமும் ட்ரங்க் போட்டாயிற்று” என்று இருவர் தொலைபேசியில் பேசி ஒத்துக்கொண்டு, இரண்டு வேறு வேலைகளைச் செய்து முடித்துவிட முடியும். அதேபோல், சிஸ்கோவில் “நேட்டிவ் விலான்” எனப்படுவதை மறுபக்கம் “அன்டேக்டு விலான்” என்று அழைக்கும். ஒவ்வொரு விலானுக்கும் எந்தெந்தப் போர்ட் டேக்டு, எது அன்டேக்டு என்று பட்டியலிடும் முறையே அங்கு உண்டு. ஆகவே இரு தரப்பினரும் நிறுவனச் சொற்களை ஒதுக்கிவிட்டு, “இந்தக் கேபிளில் விலான் 20 டேக்குடன் போகிறதா, டேக் இல்லாமல் போகிறதா” என்று மட்டும் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி ஒப்பிடுவது நல்லது.

டேக் இருப்பதும் இல்லாததும் விலானை மட்டும் பொறுத்த விஷயம் என்று நினைப்பது அடுத்த தவறு. குரலை அதிகமாகப் பாதிப்பதும் இதுவே. 802.1பி முன்னுரிமை எண் என்பது அந்த நான்கு பைட் டேக்குக்குள் இருக்கும் மூன்று பிட்டுகள். டேக்கைக் கழற்றினால் முன்னுரிமையும் அதனுடன் கழன்றுவிடும். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் குரலுக்கான விலானை இரு ஸ்விட்சுகளுக்கும் இடைப்பட்ட இணைப்பில் அன்டேக்டாக வைத்திருந்தார்கள். இரு பக்கமும் அப்படியே ஒத்திருந்ததால் தொலைபேசிகள் பதிவாயின, அழைப்புகள் போயின, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மதியம் ஒரு மணிக்கு, ஊழியர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து பேக்கப் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் அழைப்பை எடுத்தவர்களுக்கு மட்டும் குரல் உடைந்தது. தொலைபேசி தன் பாக்கெட்டின் ஐபி ஹெடரில் உள்ள முன்னுரிமைக் குறியீடான டிஎஸ்சிபியை 46 என்று சரியாகவே குறித்திருந்தது. மாடி ஸ்விட்சின் வெளிவாசலிலும் 46 இருந்தது. இணைப்பின் மறுமுனையில் உள்ள மைய ஸ்விட்சைத் தாண்டியதும் அது பூஜ்யம் ஆகியிருந்தது. மைய ஸ்விட்ச், டேக்கில் உள்ள எண்ணை மட்டும் நம்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. டேக்கே இல்லாத பாக்கெட்டுக்கு அது பூஜ்ய முன்னுரிமை கொடுத்து, அதற்கேற்ப டிஎஸ்சிபியையும் மாற்றி எழுதியிருந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. இரு பக்கமும் ஒரே நேரத்தில் பாக்கெட்டைப் பிடித்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

எதை நம்புவது என்ற இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கென ஒரு தொடக்க விடை வைத்திருக்கிறது. சிஸ்கோவின் பழைய 3750 போன்ற மாடல்களில் கியூஓஎஸ்ஸை (பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தரும் வசதி) இயக்கியதுமே எல்லாப் போர்ட்டுகளும் நம்பிக்கையற்றவையாகிவிடும். நம்பும்படி தனியே சொல்லாவிட்டால் உள்ளே வரும் டிஎஸ்சிபி பூஜ்யமாக்கப்படும். அதே நிறுவனத்தின் புதிய கேட்டலிஸ்ட் 9000 வரிசை, வரும் குறியீட்டை இயல்பாகவே நம்பும். புரோகர்வ் மரபில் டேக்கில் உள்ள முன்னுரிமை இயல்பாக மதிக்கப்படும். டிஎஸ்சிபியை மதிக்க வேண்டுமென்றால் அதைத் தனியே இயக்க வேண்டும். ஆகவே “கியூஓஎஸ் போட்டிருக்கிறோம்” என்ற வாக்கியத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. எந்தப் போர்ட்டில், எந்தக் குறியீட்டை நம்பி, எந்த வரிசைக்கு அனுப்புகிறோம் என்று சொன்னால்தான் பொருள்.

எண்களை மாற்றிப் படிப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறு. மேற்சொன்ன 3750 வகையில் டேக் முன்னுரிமை 5 என்பது தொடக்க அட்டவணைப்படி டிஎஸ்சிபி 40 ஆக மாறும். குரலுக்குரிய 46 ஆக மாற வேண்டுமென்றால் அட்டவணையைத் திருத்த வேண்டும். மறுபக்க ஸ்விட்ச் 46-ஐ மட்டும் உயர்ந்த வரிசையில் வைக்கும்படி அமைந்திருந்தால், 40 என்று வந்த குரல் அங்கே சாதாரணப் பயணிதான். இன்னொன்று: சில கருவிகளின் அமைப்புப் பக்கம் டிஎஸ்சிபியைக் கேட்கும், வேறு சில, டிஎஸ்சிபியை உள்ளடக்கிய பழைய டிஓஎஸ் பைட் முழுவதையும் கேட்கும். டிஎஸ்சிபி 46 என்பது டிஓஎஸ் பைட்டாக எழுதினால் 184. டிஓஎஸ் கட்டத்தில் யாரோ 46 என்று நிரப்பிவிட்டால் பாக்கெட்டில் போவது டிஎஸ்சிபி 11. அதை எந்த ஸ்விட்சும் குரல் என்று அடையாளம் காணாது.

பாக்கெட்டைப் பிடிக்கும்போதே ஏமாறுவதும் உண்டு. ஒரு போர்ட்டின் பாக்கெட்டுகளை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் போர்ட் மிரரிங் செய்து மடிக்கணினியில் பார்த்து, “டேக்கே இல்லை” என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல நெட்வொர்க் கார்டுகளின் டிரைவர்கள் டேக்கை நீக்கிவிட்டுத்தான் மேலே கொடுக்கும். சில ஸ்விட்சுகளும் மிரர் செய்யும்போது டேக்கைச் சேர்த்து அனுப்பும்படி கேட்டால்தான் அனுப்பும். நிச்சயமாக டேக் உள்ளதெனத் தெரிந்த ஓர் இணைப்பில் முதலில் சோதித்து, நம் கருவிக்கு டேக் தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகே சந்தேகத்துக்குரிய இணைப்புக்குப் போக வேண்டும்.

தொலைபேசி தன் விலானை எப்படி அறிகிறது என்பதிலும் இரண்டு மொழிகள், அதாவது அண்டைக் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அறிவிக்கும் இரண்டு முறைகள், உள்ளன. சிடிபி சிஸ்கோவுக்கே உரியது. எல்எல்டிபி-மெட் எல்லோருக்கும் பொதுவானது. சிஸ்கோவின் பல மாடல்களில் எல்எல்டிபி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும் என்பதால், வேறு நிறுவனத் தொலைபேசியை அதில் செருகினால் அது கணினிகளின் விலானிலேயே முகவரி வாங்கிக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறான சிக்கல் கண்ணில் படுவது அரிது: சிடிபியை அறியாத ஸ்விட்ச் அதை பல கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பும் வெறும் மல்டிகாஸ்ட்டாக எண்ணி எல்லாப் போர்ட்டுக்கும் கடத்திவிடும். அதனால் மாடியில் உள்ள தொலைபேசி, தான் செருகப்பட்ட ஸ்விட்ச் சொல்வதை விட்டுவிட்டு, கீழ்த்தள ஸ்விட்ச் சொல்லும் விலான் எண்ணை எடுத்துக்கொள்ளும். மைய ஸ்விட்சின் ஒரே போர்ட்டில் பல அண்டைக் கருவிகள் பட்டியலில் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

டூப்ளெக்ஸ் பொருந்தாமை (ஒரு பக்கம் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும், மறுபக்கம் மாறி மாறி மட்டும் செய்வது) பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 100 மெகாபிட் இணைப்பில் ஒரு பக்கத்தை முழு டூப்ளெக்ஸ் என்று கையால் நிறுத்தி, மறுபக்கத்தைத் தானியங்கியாக விட்டால், தானியங்கிப் பக்கம் வேகத்தைக் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால் பாதி என்றே எடுத்துக்கொள்ளும். பாதிப் பக்கத்தின் கவுண்டரில் லேட் கொலிஷன் (தாமதமாக நிகழும் பாக்கெட் மோதல்) ஏறும், முழுப் பக்கத்தின் கவுண்டரில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்) ஏறும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் கேபிள் பழுது என்று தோன்றி, நல்ல கேபிளை மாற்றிக்கொண்டிருப்போம்.

இரு கேபிள்களைக் கட்டிய இணைப்பில் வரும் குறையை அதன் நடத்தையைக் கொண்டே அடையாளம் காணலாம். ஒரு பக்கம், இரு முனையும் பேசி ஒத்துக்கொண்டு கேபிள்களைக் கட்டும் எல்ஏசிபி, மறுபக்கம் நிலையான முறை என்று இருந்தால், நிலையான பக்கம் பேச்சுவார்த்தை எதுவும் இன்றி இரு கேபிளிலும் அனுப்பிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் அவற்றைத் தனித்தனிப் போர்ட்டுகளாக எண்ணி ஒன்றை அடைத்து வைத்திருக்கக்கூடும். எந்த ஓட்டம் எந்தக் கேபிளில் போவது என்பதை முகவரிகளைக் கொண்டு ஒரு கணக்கு முடிவு செய்வதால், அடைபட்ட கேபிளுக்கு ஒதுக்கப்பட்ட இருவருக்குள் மட்டும் ஒருபக்கக் குரல் ஏற்படும். எப்போதும் அதே இரு எண்களுக்கு இடையில் மட்டும் குறை, மற்றவர்களுக்கு ஒருபோதும் இல்லை என்ற புகாரைக் கேட்டால் தொலைபேசியைக் கழற்றாமல் இந்தக் கட்டைப் பார்க்க வேண்டும். ரூட்டரையோ ஃபயர்வாலையோ தாண்டும் எல்லா அழைப்பிலும் ஒருபக்கக் குரல் என்றால் அது வேறு. அங்கே என்ஏடி (முகவரி மாற்றம்), ரூட்டிங், எஸ்ஐபி ஏஎல்ஜி (அழைப்புச் செய்திகளை வழியில் திருத்தும் வசதி) ஆகியவற்றைத் தேட வேண்டும்.

மௌனத்தின் நீளத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாதது மற்றொரு தவறு. பேச்சு முழுவதுமாக நின்று ஏறத்தாழ 30 வினாடி கழித்துத் திரும்பினால், ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் சுழலாகிவிடாமல் சிலவற்றை அடைத்து, மர வடிவில் வழி அமைக்கும் முறை) வழியை மாற்றிக்கொண்டது என்று கொள்ள இடமுண்டு. பழைய 802.1டி முறையில் 15 வினாடிகள் கொண்ட இரு கட்டங்களைக் கடந்த பிறகே போர்ட் திறக்கும். சிஸ்கோவின் பிவிஎஸ்டி+ ஒவ்வொரு விலானுக்கும் ஒரு மரம் கட்டும். பிற நிறுவனங்களின் பல ஸ்விட்சுகள் ஒரே மரத்தையோ, எம்எஸ்டிபி முறையில் சில மரங்களையோ கட்டும். மரத்தில் ஸ்விட்சுக்குள்ள முன்னுரிமையை யாரும் அமைக்காமல் எல்லாம் தொடக்க மதிப்பான 32768-இல் இருந்தால், மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) மிகச் சிறியதாக உள்ள ஸ்விட்ச் அந்த மரத்தின் வேராகும். பல நேரங்களில் அது மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாகவே இருக்கிறது. அதை யாராவது அணைத்து ஏற்றும்போதெல்லாம் மரம் மறுபடி கட்டப்படும். எந்த வழியைத் தேர்வது என்று முடிவு செய்யும் பாதைச் செலவிலும் இரு கணக்குகள் உண்டு: ஒரு கிகாபிட் இணைப்புக்கு ஒரு முறையில் 4, மற்றொரு முறையில் 20000. இவை கலந்தால் நாம் எதிர்பாராத கேபிள் அடைபடும்.

மின்சாரத்தையும் முகவரியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் பெறும் பிஓஇ முறையில் தன் வகுப்பை (தேவைப்படும் மின்சார அளவு) அறிவிக்காத தொலைபேசிக்கு ஸ்விட்ச் 15.4 வாட் முழுவதையும் ஒதுக்கிவைத்து, கடைசியாகச் செருகிய கருவிகளுக்கு மின்சாரமே இல்லாமல் செய்துவிடலாம். முகவரி வழங்கும் செய்திகளைக் கண்காணிக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இரு பக்கமும் இயங்கினால், ஒரு ஸ்விட்ச் சேர்த்தனுப்பும் ஆப்ஷன் 82 (எந்தப் போர்ட் என்ற குறிப்பு) உள்ள செய்தியை மறுபக்கம், நம்பப்படாத போர்ட்டில் வந்ததென்று தூக்கியெறியலாம். தொலைபேசி முகவரிக்காகக் காத்தபடியே நிற்கும்.

சான்றை நாமே அழிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புகார் வந்ததும் ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்தால் கவுண்டர்கள் பூஜ்யமாகும், பதிவுகள் போய்விடலாம், குறை மட்டும் அடுத்த வாரம் திரும்பி வரும். ஒரே இரவில் விலான், கியூஓஎஸ், ஸ்பானிங் ட்ரீ மூன்றையும் திருத்துபவருக்கு எது பலித்தது என்று ஒருநாளும் தெரியாது. ஒரு ஸ்விட்சின் கடிகாரம் உள்ளூர் நேரத்திலும் மற்றது உலகப் பொது நேரமான யுடிசியிலும் ஓடினால் ஐந்தரை மணி நேர இடைவெளியில் இரு பதிவுகளையும் பொருத்திப் பார்க்கத் திண்டாடுவோம்; எதற்கும் முன் இரண்டையும் நேரத்தை ஒத்திசைக்கும் ஒரே என்டிபி சர்வருக்குக் கட்டி, ஒரே நேர மண்டலத்தில் வைக்க வேண்டும். பிறகு கவுண்டர்களைக் குறித்துக்கொண்டு, ஒரே அழைப்பை இணைப்பின் இரு முனையிலும் பிடிக்க வேண்டும். ஆர்டிபி வரிசை எண்ணைக் கொண்டு அதே பாக்கெட்டை இரு கோப்பிலும் அடையாளம் கண்டு, டிஎஸ்சிபியும் டேக்கும் எங்கே மாறின என்று காட்டினால், எந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவும் “அடுத்தவரைக் கேளுங்கள்” என்று திருப்பி அனுப்ப முடியாது.

முன்பு சொன்ன அலுவலகத்தில், குரல் விலானை டேக்டாக மாற்றிய மாலையில் எல்லோரும் தொலைபேசியில் பேசிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். மாலையில் அது எப்போதுமே நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு பேக்கப் தொடங்கியபோது, ஓர் அழைப்பைப் போட்டு வைத்துவிட்டு இரு மடிக்கணினிகளுக்கு முன் உட்கார்ந்தோம். மாடியில் 46, மையத்தைத் தாண்டியும் 46. கால் மணி நேரத்தில் ஒரு திசைக்கு 45,000 பாக்கெட். தொலைந்தவை என்ற கட்டத்தில் பூஜ்யம்.