ராணுவப் பயிற்சிக்கு முன் காலைப் பழக்குங்கள்

பினாங்கிலிருந்து மலேசிய ராணுவத்தின் போர்ட்டிக்சன் அடிப்படைப் பயிற்சிக்குக் கிளம்பும் தம்பிகளை முதலில் படுத்துவது துப்பாக்கி அல்ல, குதிகால் கொப்புளம். எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

பூட்ஸ் வாங்க மாலையில் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் போட்டு நடந்தால் போதும். பூட்ஸோடு ஓடாதீர்கள், கணைக்கால் எலும்பு வலிக்கும். ராணுவ உடற்தகுதிச் சோதனையில் வரும் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஓட்டக் காலணிதான், வாரம் மூன்று நாள்.

நான்காம் வாரம் பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறும் ஜீப் பாதைக்குப் போங்கள். சுமார் 5 கிலோமீட்டர், நல்ல செங்குத்து. முதுகில் 5 கிலோ. வாரம் 2 கிலோ கூட்டுங்கள். இறங்கும்போதுதான் நகம் கறுக்கும், ஏனென்றால் கால் முன்னால் சறுக்கி பூட்ஸ் முனையில் இடிக்கிறது. இறங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்குங்கள், நகத்தை நேராக வெட்டுங்கள்.

நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் சேற்றுப்புண் சீக்கிரம் வரும். கொப்புளத் தோலைப் பிய்க்கவே கூடாது.

ராணுவத்தில் சம்பளம், மருத்துவம், ஆயுளுக்கும் நிற்கும் தோழமை எல்லாம் உண்டு. தீபாவளியன்று போர்னியோ தீவிலுள்ள சபாவிலோ சரவாக்கிலோ காவலில் நிற்கவும் நேரலாம். அதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.