லேப்டாப்புக்குப் பதில் டெஸ்க்டாப் வாங்கியிருக்கலாமோ? அளந்து பார்ப்பதும், சரிசெய்வதும், மாறுவதும்

மேசையை விட்டு நகராத லேப்டாப்பில் நாள் முழுதும் வேலை பார்ப்பவர்களுக்கு, "இந்தப் பணத்துக்கு டெஸ்க்டாப்பே வாங்கியிருக்கலாமே" என்ற நினைப்பு வராமல் இருப்பது அரிது. அதில் நியாயமும் இருக்கிறது. அதே விலைக்கு டெஸ்க்டாப்பில் கூடுதல் வேகம் கிடைக்கும். பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் வந்த விலைக்குத் தள்ளிவிடும் முன், உங்களை உறுத்துவது எது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். சூட்டால் வேகம் குறைவது, ரேம் பற்றாமை, சின்னத் திரை, கழுத்துவலி இவையெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. கிராஃபிக்ஸ் சிப்பின் பலம் போதவில்லை என்றால்தான் லேப்டாப்புக்குள் அதற்கு வழி கிடையாது.

திருப்பிக் கொடுக்கும் கெடு இன்னும் முடியவில்லையா? அடிப்பக்கத் திருகாணி எதையும் தொடாதீர்கள். கீழே சொல்லும் அளவீட்டை மட்டும் இன்றே செய்து, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். கெடு தாண்டிவிட்டது என்றால் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இனி செலவிடும் பணம் கூடியவரை, நாளைக்கு டெஸ்க்டாப் வாங்கினாலும் பயன்படும் பொருளுக்கே போகட்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், எம்.2 எஸ்எஸ்டி (கோப்புகள் இருக்கும் சின்னச் சேமிப்பு அட்டை) எல்லாம் கூடவே வரும். லேப்டாப் ரேமும் கூலிங் பேடும் வராது.

எங்கே இடிக்கிறது என்று அளப்பது

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார்கள் மட்டும் காட்டும்படி திறந்து வையுங்கள். சார்ஜரைச் செருகிக்கொண்டு, எந்த வேலையில் எரிச்சல் வருகிறதோ அதே வேலையை 20 நிமிடம் ஓட்டுங்கள். வீடியோ எடிட்டிங் என்றால் எடிட்டிங், கேம் என்றால் கேம். பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதைவிட உங்கள் வேலையையே ஓட்டுவதுதான் உண்மையைச் சொல்லும். சிபியு வெப்பநிலை, சிபியு எடுக்கும் வாட், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைதல்) வரிசையில் ஆம் என்று வருகிறதா, கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பமும் வாட்டும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே டாஸ்க் மேனேஜரில் ரேம் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்றும், டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த எண்களைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லேப்டாப் சிபியுக்களில் இன்டெல்லுக்குப் பொதுவாக 100 டிகிரி, ஏஎம்டிக்கு 95 டிகிரியை ஒட்டி உச்சவரம்பு. கனமான வேலையில் 85, 90 டிகிரி தொடுவது லேப்டாப்பில் சாதாரணம். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வரம்பைத் தொட்டு, அதனாலேயே வாட் சரிந்தால்தான் சூடு உங்கள் வேகத்தைத் தின்கிறது என்று பொருள். இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. முதல் அரை நிமிடம் 60 வாட் எடுத்த சிபியு, வெப்பம் 75 டிகிரியில் இருக்கும்போதே 30 வாட்டுக்கு இறங்கிவிடும். அது சூடு அல்ல. குறுகிய நேரத்துக்கு ஒன்று, நீண்ட நேரத்துக்கு ஒன்று என்று தயாரிப்பாளர் வைத்திருக்கும் மின்வரம்பு. அந்த லேப்டாப்பில், சிபியுவின் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட்டை எவ்வளவு விலையுயர்ந்ததாகப் போட்டாலும் ஒரு மாற்றமும் வராது. கூட வந்த மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் மோடு இருந்தால் போட்டுப் பாருங்கள். வரம்பு உயரும், ஃபேன் சத்தமும் கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். சார்ஜர் செருகியிருந்தும் பேட்டரி சதவீதம் இறங்குகிறதா? சார்ஜரின் வாட் போதவில்லை. 230 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்பை 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரில் ஓட்டினால், அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சூட்டைக் குறைப்பது

பின்பக்கத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பதே முதல் வேலை. பல லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. ஸ்டாண்டு இருந்தால் நல்லது; அடியில் உறுதியான எதையாவது கொடுத்தாலும் போதும். ஃபேன் வைத்த கூலிங் பேடுக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்து மீண்டும் அளந்துவிடுங்கள்.

ஓராண்டுக்கு மேல் பழகிய இயந்திரம் என்றால் தூசு தட்டவேண்டும். முழுதாக அணைத்து, சார்ஜரை எடுத்து, அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி இணைப்பியைப் பிரித்துவிடுங்கள். இதைத் தவறவிட்டு உள்ளே திருப்புளி சறுக்கினால் மதர்போர்டே போய்விடும். தூசு ஃபேன் இறக்கையில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே ஒரு திரைபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. ஃபேனைக் கழற்றி அந்தத் திரையை உரித்தெடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். மூடியைத் திறந்ததும் பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால், அல்லது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் செய்யவும் கூடாது. அதை மாற்றுவதுதான் அடுத்த வேலை.

தூசு போயும் வரம்பைத் தொடுகிறதென்றால் பேஸ்ட் மாற்றலாம். ஹீட்சிங்க் (சிபியுவின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) மேல் திருகாணிகளின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பார்கள். பூட்டும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். டெஸ்க்டாப் சிபியுவில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும், மேலே உள்ள உலோக மூடி சூட்டைப் பரப்பிவிடும். லேப்டாப்பில் அந்த மூடி இல்லை, சிலிக்கான் வெறுமையாகவே இருக்கும். அதனால் பேஸ்ட் அதன் முழுப் பரப்பையும் மெல்லிதாக மூடியே ஆகவேண்டும். ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்த இடம் கொதிக்கும். நீர்த்த பேஸ்ட்டுகள் சூடேறி ஆறும்போது மெல்ல வெளியே பிதுங்கிவிடும். பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகும் தகடுகள் லேப்டாப்புக்கு நெடுநாள் தாங்கும். மெமரி சிப்கள் மேலுள்ள தெர்மல் பேடுகள் (சூடு கடத்தும் மெத்தைத் துண்டுகள்) கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்றவேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிபியுமேல் சரியாக உட்காராது. பேஸ்ட்டுக்குப் பதில் போடும் திரவ உலோகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

கழற்றும் துணிவு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், சிபியுவின் உச்ச அளவை 100இலிருந்து 99 சதவீதம் ஆக்கினால், பெரும்பாலான இயந்திரங்களில் டர்போ (சிபியு தற்காலிகமாக வேகம் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். வெப்பமும் சத்தமும் கண்கூடாக இறங்கும். எழுத்துவேலை, இணையம், அலுவலக வேலைக்கு வித்தியாசமே தெரியாது. கனமான வேலைக்கு 100க்கே திரும்புங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த அமைப்பு மறைக்கப்பட்டிருக்கும். சிபியுவின் வோல்டேஜைக் குறைப்பது முன்பு நல்ல வழியாக இருந்தது. 2019இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, பல இன்டெல் லேப்டாப்களில் அதைப் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகப் பூட்டிவிட்டார்கள். கேம் ஆடுபவர்களுக்கு எளிய மாற்று ஒன்று: ஃபிரேம் எண்ணிக்கைக்குத் திரையின் ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கும் என்ற எண்) அளவுக்கே வரம்பு வையுங்கள். திரையால் காட்டமுடியாத ஃபிரேம்களுக்காகச் சிப் வெந்துகொண்டிருக்க வேண்டாம்.

ரேம்

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சோடிம் (கழற்றி மாட்டும் ரேம்) என்று இருந்தால் மாற்றலாம். எல்பிடிடிஆர் வகை பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட முடியாது. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால், இருப்பதற்குச் சமமான இன்னொன்றைப் போடுவதுதான் லேப்டாப்பில் செய்யும் செலவுகளிலேயே அதிகப் பலன் தருவது. கொள்ளளவு இரட்டிப்பாவதோடு, மெமரியின் பாதையும் இரட்டிப்பாகிறது. தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் கேம்களின் வேகமே இதனால் நன்றாகக் கூடும், ஏனெனில் அந்த கிராஃபிக்ஸ் சிப்புக்கும் இதே ரேம்தான் தீனி.

டிடிஆர்4 தலைமுறை சோடிமுக்கு 260 பின், அடுத்த தலைமுறையான டிடிஆர்5க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு. மாற்றி வாங்கினால் செருகவே முடியாது. சாய்வாக முழுதும் உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இருபுறக் கிளிப்பும் சொடுக்கென்று பிடிக்கும். தங்கநிறப் பற்கள் வெளியே நன்றாகத் தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. டிடிஆர்5 போட்டபின் முதல் முறை சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கலாம். புதிய ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பதறி அணைத்துவிடாதீர்கள்.

திரையும் மேசையும்

டெஸ்க்டாப்பின் சுகம் என்று பலரும் ஏங்குவதில் பெரும்பங்கு, கண்மட்டத்தில் இருக்கும் பெரிய திரையும் தனி கீபோர்டும்தான். லேப்டாப்பில் திரை சரியான உயரத்துக்கு வந்தால் கை உயரும், கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனியும். இரண்டையும் பிரிக்காமல் வலி போகாது. மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில்; முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில்.

இணைப்பில்தான் ஏமாற்றம் வரும். யுஎஸ்பி-சி துளை இருக்கிறது என்பதாலேயே அதில் படம் வந்துவிடாது. படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதியோ, அதிவேக யுஎஸ்பி-சி வகையான தண்டர்போல்ட்டோ வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே திரையில் 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் இழுத்துக்கொண்டு நகரும், 2.0இல் 60 கிடைக்கும். விலை குறைந்த யுஎஸ்பி-சி ஹப்களும் பெரும்பாலும் 4கே-30இல் நின்றுவிடும். கேபிளில் உள்ள நான்கு பாதைகளில் இரண்டை யுஎஸ்பிக்குக் கொடுத்துவிடுவதே காரணம். மானிட்டரை மாட்டியதும் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ஹெர்ட்ஸைச் சரிபாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60இலேயே ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம்.

கேமிங் லேப்டாப் என்றால் இன்னொரு லாபமும் உண்டு. அவற்றின் உள்திரை பல நேரம் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் இன்டக்ரேட்டட் கிராஃபிக்ஸ் வழியாகவே படத்தைப் பெறும், அதில் கொஞ்சம் வேகம் போகும். வெளித்துளை நேரடியாகத் தனி கிராஃபிக்ஸ் சிப்பான என்விடியாவோடு இணைந்திருந்தால் வெளி மானிட்டரில் கேம் வேகமாக ஓடும். எந்தத் துளை எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்பதை என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் (PhysX) பக்கம் படமாகவே காட்டும்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்புக்குப் பேட்டரி வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்துதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கெடுக்கின்றன. பேட்டரியையே கழற்றிவிட்டு ஓட்டும் யோசனை வேண்டாம். அது இல்லாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்கள் உண்டு.

சரிசெய்ய முடியாதது

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் 4070இல் 4608 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 8 ஜிபி மெமரி, அதிகபட்சம் 115 வாட். டெஸ்க்டாப் 4070இல் 5888 கோர்கள், 12 ஜிபி, 200 வாட். பெயர் ஒன்று, பொருள் வேறு. அதே லேப்டாப் சிப்பை 60 வாட்டில் பூட்டி விற்கும் மெல்லிய மாடல்களும் உண்டு. அளவீட்டின்போது கிராஃபிக்ஸ் சிப் தன் வாட் வரம்பிலேயே நின்று, வெப்பமும் சரியாக இருந்து, வேகம் மட்டும் போதவில்லை என்றால் நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். வெளியே கிராஃபிக்ஸ் கார்டு மாட்டும் பெட்டிகள் தண்டர்போல்ட் 3, 4இல் வேலை செய்யும்தான். ஆனால் கார்டுக்குக் கிடைக்கும் பாதை நொடிக்கு 32 கிகாபிட்; டெஸ்க்டாப்பில் கார்டைச் செருகும் பிசிஐஇ 4.0 பதினாறு வழி ஸ்லாட்டில் அது 256. பெட்டியின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பணம் டெஸ்க்டாப்புக்குப் போவதே மேல்.

மாறுவதென்றால்

முதலில் கணக்கை முழுதாகப் போடுங்கள். மானிட்டர், கீபோர்டு, வெப்கேம், ஸ்பீக்கர், வைஃபை, மின்தடைக்கு யுபிஎஸ், விண்டோஸ் உரிமம் எல்லாமே லேப்டாப் விலைக்குள் இருந்தவை. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது, கூட வராது. யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள்.

எம்.2 எஸ்எஸ்டியை டெஸ்க்டாப்புக்குக் கொண்டுபோகும் முன், டிஸ்க் குறியாக்கம் (பிட்லாக்கர்) இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் புதிய இயந்திரத்தில் உங்கள் கோப்புகள் திறக்காது.

டெஸ்க்டாப்பைப் பூட்டும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் சில. எஃப் என்று முடியும் இன்டெல் சிபியுக்களில் உள் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் படமே வராது. கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. இரண்டு ரேம் என்றால், நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாகச் சிபியுவிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகள். டிடிஆர்5-6000 வாங்கியவர்கள் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பைத் தட்டாவிட்டால் ரேம் 4800இலேயே ஓடலாம். சிபியுவுக்கான எட்டு முனை மின்கேபிள் போர்டின் மேல்மூலையில் செருக வேண்டியது. அதை மறந்தால் ஃபேன் சுற்றும், கணினி எழாது.

பழைய லேப்டாப்பை விற்கிறீர்கள் என்றால், கணக்குகளிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்யும்போது டிரைவை முழுதாகத் துடைக்கும் தேர்வையும் போடுங்கள். வைத்துக்கொள்வதென்றால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் அணைத்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றிவிடுங்கள்.