சாய்வும் வெட்டுத்துண்டும் தெரிந்தால் நேர்கோட்டின் சமன்பாடு

டர்பனில் தமிழ்நாட்டுப் பாடநூலை வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருபவர்கள் முதலில் குறியீடுகளைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், அதனால் புள்ளியின் இரண்டு எண்களுக்கு நடுவே அரைப்புள்ளி வரும்: (2; 5). 10ஆம் வகுப்பில் சார்புகள் பாடத்தில் y = ax + q என்று இருப்பதும், மெட்ரிக் (அங்கே 12ஆம் வகுப்பு இறுதி) தேர்வுத் தாளின் சூத்திரப் பக்கத்தில் y = mx + c என்று இருப்பதும் ஒன்றேதான். m சாய்வு. c என்பது வெட்டுத்துண்டு, அதாவது கோடு y அச்சை வெட்டும் உயரம்.

சாய்வு −2, வெட்டுத்துண்டு 3 என்று நேரடியாகக் கொடுத்துவிட்டால் y = −2x + 3 என எழுதிவிட்டு நகரலாம். தேர்வில் அப்படி எளிதாகக் கேட்பது குறைவு. A(−2; 7), B(4; −5) என இரண்டு புள்ளிகள் தருவார்கள். முதலில் சாய்வு:

m = (−5 − 7) ÷ (4 − (−2)) = −12 ÷ 6 = −2

பெரும்பாலான மதிப்பெண் போவது பகுதியில் உள்ள அந்த அடைப்புக்குறியை விடுவதால்தான். 4 − 2 என்று எழுதினால் சாய்வு −6 ஆகிவிடும். மேலே B-யில் தொடங்கினால் கீழேயும் B-யில்தான் தொடங்க வேண்டும். மாற்றினால் குறி புரண்டுவிடும்.

அடுத்து A-யைப் பிரதியிடுங்கள்: 7 = −2(−2) + c, ஆகவே c = 3. சரிபார்க்க A உதவாது, அதை வைத்துத்தானே c கண்டோம்; B-யைப் போடுங்கள்: −2(4) + 3 = −5. சரி.

இரண்டு வெட்டுத்துண்டுகள் மட்டும் கொடுத்தாலும் புதுச் சூத்திரம் வேண்டாம். x அச்சில் 6, y அச்சில் −4 என்றால் புள்ளிகள் (6; 0), (0; −4). சாய்வு 4/6, அதாவது 2/3; சமன்பாடு y = (2/3)x − 4. பின்னத்தை 0,67 ஆக்காதீர்கள். x = 6 போட்டால் 0 வராமல் 0,02 வரும்.

3x + 2y = 12 போன்ற வடிவில் இருந்தால் x-இன் கெழுவைச் சாய்வு என்று எடுக்கக் கூடாது. y-ஐத் தனியாக்கி, எல்லா உறுப்புகளையும் 2-ஆல் வகுக்க வேண்டும்: y = −(3/2)x + 6. 12-ஐ வகுக்க மறப்பவர்கள் நிறைய.

இணைகோட்டுக்கு அதே m. கொடுத்த கோட்டுக்குச் செங்குத்தான கோட்டுக்கு m-ஐத் தலைகீழாக்கிக் குறியை மாற்றுங்கள்: −2 என்பது 1/2 ஆகும். y அச்சுக்கு இணையான கோட்டில் சாய்வின் பகுதி 0 ஆகிவிடுவதால் m கிடையாது; x = 4 என்று மட்டும் எழுத வேண்டும்.

கோடு x அச்சோடு ஆக்கும் சாய்வுக் கோணம் கேட்டால், m = −2 க்குக் கால்குலேட்டர் −63,43° காட்டும். அதோடு 180° கூட்டி 116,57° என்று எழுதுங்கள்.