ஒமாஹா ரிவரில் பெட்டா, செக்கா? பலரும் சறுக்கும் இடங்கள்

ஒமாஹா என்பது ஆளுக்கு நாலு சீட்டு கொடுத்து, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர். மேசையில் ஜாக், 8, 4, 2. ஜாக்கும் எட்டும் ஸ்பேட். என் கையில் இரண்டு ஜாக், ஒரு ஏஸ், ஒரு 5. ஸ்பேட் ஒன்றுகூட இல்லை. ஃப்ளாப்பில் (மேசையில் முதல் மூன்று சீட்டு) பெட் வைத்தேன், டர்னிலும் (நாலாவது சீட்டு) வைத்தேன். எதிராளி இரண்டு முறையும் கால் செய்தார் (அதே தொகையைப் போட்டார்). ரிவரில், அதாவது ஐந்தாவது, கடைசிச் சீட்டாக, ஹார்ட் குயின் விழுந்தது. அவர் செக் சொன்னார் (பெட் வைக்காமல் விட்டார்). பாட்டில் (நடுவில் சேர்ந்த தொகையில்) 1000 சிப். மூன்று ஜாக்கை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று 500 தள்ளினேன். அவர் நிதானமாகக் கால் செய்து 10-9-ஐத் திருப்பிக் காட்டினார்: எட்டிலிருந்து குயின்வரை ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு).

துரதிர்ஷ்டம் என்றுதான் அன்றைக்குப் புலம்பினேன். அது கணக்குப் பிழை என்று புரிய ரொம்ப நாளாயிற்று.

ரிவரில் பெட் வைக்கும்போது “நான் முந்தியிருக்கிறேனா” என்றுதான் பெரும்பாலோர் யோசிக்கிறார்கள். கடைசி ஆளாகப் பேசும் நமக்கு அந்தக் கேள்வியால் பயன் குறைவு. நாம் செக் செய்தாலே சீட்டு திறக்கும். நம்மிடம் தோற்கும் கைகளிடமிருந்து பாட் எப்படியும் நமக்கு வந்துவிடும். 500 வைப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதைக் கால் செய்யும் கைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன. ஸ்பேட் ஃப்ளஷுக்குக் (ஐந்தும் ஸ்பேட்) காத்திருந்து ஏமாந்தவர் ஒரு சிப் தரமாட்டார்.

அந்தக் கையையே எண்ணிப் பார்ப்போம். என்னை வெல்லும் ஸ்ட்ரெய்ட் 10-9 மட்டும்தான். சீட்டுக்கட்டில் நாலு 10, நாலு 9, ஆகவே 16 ஜோடிகள் (இரண்டு சீட்டுச் சேர்க்கைகள்). குயின் செட்டுக்கு (கையில் இரண்டு குயின், மேசையில் ஒன்று) 3 ஜோடிகள். ஆக, என்னை வெல்பவை 19. என்னிடம் தோற்றும் கால் செய்யக்கூடியவை 8, 4, 2 செட்டுகள். தலைக்கு 3, மொத்தம் 9. இந்த 28 ஜோடிகளும் கால் செய்தால் 19 முறை 500 போகிறது, 9 முறை 500 வருகிறது. சராசரியாக ஒரு காலுக்குச் சுமார் 179 சிப் நஷ்டம். ஒமாஹாவில் மற்ற இரண்டு சீட்டுகளும் கணக்கைக் கொஞ்சம் அசைக்கும், எல்லோரும் எல்லா 10-9-ஐயும் ஆடமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் 19-க்கு 9 என்ற இடைவெளி அவ்வளவு லேசில் மறையாது.

குயின்-ஜாக், ஜாக்-8 மாதிரி மேசைச் சீட்டுகளோடு ‘டூ பேர்’ (இரண்டு இணை) ஆகும் கைகள் கால் செய்யாதா? செய்யும், வந்தால். ஆனால் மேசையில் ஒரு ஜாக், என்னிடம் இரண்டு. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. பெரிய செட் வைத்திருப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்: எனக்குக் காசு தரவேண்டிய சீட்டுகளை நானே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதே இடத்தில் ரிவர் குயினுக்குப் பதிலாக டைமண்ட் கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிங்கைக் கண்டதும் பயந்து செக் செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மேசையில் ஸ்ட்ரெய்ட்டும் இல்லை, ஃப்ளஷும் இல்லை. என்னை வெல்வது கிங் செட் மட்டுமே, 3 ஜோடி. தோற்றும் கால் செய்பவை 9 செட் ஜோடிகள், அதற்கு மேல் கிங்-8 மாதிரி கைகள். செட்டுகளை மட்டும் எண்ணினாலே ஒரு காலுக்கு 250 சிப் லாபம். இங்கே செக் செய்வதும் முதல் பெட்டுக்குக் குறையாத தவறுதான், யார் கண்ணிலும் படாது என்பதைத் தவிர.

டெக்சாஸ் ஹோல்டமிலிருந்து (ஆளுக்கு இரண்டே சீட்டு உள்ள போக்கர்) வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒமாஹாவில் எடுக்கவேண்டியது கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று. மேசையில் நாலு ஸ்பேட் கிடந்தாலும், கையில் தனி ஸ்பேட் ஏஸ் மட்டும் இருந்தால் உங்களிடம் ஃப்ளஷ் கிடையாது. அனுபவசாலிகளும் அவசரத்தில் இதில் வழுக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தனி ஏஸுக்கு வேறு உபயோகம் உண்டு. ரிவரில் மூன்றாவது ஸ்பேட் விழுந்தால், ஏஸ் நம்மிடம் இருப்பதால் நட் ஃப்ளஷ் (மிகப் பெரிய ஃப்ளஷ்) வேறு யாரிடமும் இருக்க முடியாது. அதை வைத்துப் பிளஃப் அடிக்கலாம், அதாவது அந்த ஃப்ளஷ் நம்மிடம் இருப்பதுபோல் பெட் வைத்து எதிராளியை விலகச் செய்யலாம். தவறு நடப்பது இதற்கு அப்புறம்தான். ஃப்ளாப்பிலும் டர்னிலும் செக் செய்துவிட்டு ரிவரில் திடீரென்று முழு பாட்டைத் தள்ளினால் எதிரில் இருப்பவர் ஏன் நம்பவேண்டும்? மேசையில் ஒரே மதிப்பில் இரண்டு சீட்டு இருந்தால் ஃபுல் ஹவுஸ்காரர் (ஒரே மதிப்பில் மூன்றும் இன்னொன்றில் இரண்டும் வைத்திருப்பவர்) அசையவே மாட்டார். இரண்டு பேருக்கு மேல் பாட்டில் இருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆறு ஜோடிகள் இருக்கின்றன.

ஃப்ளஷ் வராமல் போன கையையே பிளஃபுக்குத் தேர்ந்தெடுப்பதும் பழக்கதோஷம். என்னிடம் ஸ்பேட்கள் இருந்தால், அதே ஸ்பேடுக்குக் காத்திருந்து ஃபோல்டு செய்யப்போகிற (விலகப்போகிற) கை எதிரில் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. அந்தக் குயின் ரிவரில் இரண்டு 10 வைத்திருப்பது அதைவிட நல்ல பிளஃப்: 16 ஆக இருந்த 10-9 ஜோடிகள் 8 ஆகிவிடும்.

தொகையைப் பற்றி: பாட் லிமிட்டில் முழு பாட்டுக்கு மேல் வைக்க முடியாது. முழு பாட் பிளஃப் பாதி முறை பலித்தால்தான் அசல் தேறும். அரை பாட்டுக்கு மூன்றில் ஒரு முறை போதும். முழு பாட் பெட்டைக் கால் செய்பவர் மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் சரியாகிவிடும். முதலில் பேசவேண்டிய நிலையில் இருப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நாம் செக் செய்தால் ஸ்பேட் ஏமாந்தவரும் பிளஃப் அடிக்கலாம். நாமே பெட் வைத்தால் அவர் ஃபோல்டு செய்துவிடுவார், 10-9 வைத்திருப்பவர் ரெய்ஸ் செய்வார் (தொகையை ஏற்றுவார்).

(2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. இங்கே நான் சொல்வதெல்லாம் வெறும் சிப் கணக்கு.)

பாட்டில் பாதி பெரிய கைக்கும் (ஹை) பாதி சிறிய கைக்கும் (லோ) போகும் ஒமாஹா ஹை-லோ ஆடுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. லோவுக்கு ஏஸ்-2 நட்ஸ் (அதைவிடச் சிறந்த லோ கிடையாது), ஹைக்கு ஒன்றுமில்லை, எதிரில் ஒரே ஆள். நட்ஸ்தானே என்று 1000 பாட்டில் 500 வைக்கிறீர்கள், அவர் கால் செய்கிறார். அவரிடமும் ஏஸ்-2, கூடவே நல்ல ஹை கை. லோவில் பாதி, அதாவது பாட்டில் கால்பங்கு மட்டும் உங்களுக்கு: 2000-இல் 500. வைத்ததுதான் திரும்பி வந்தது. செக் செய்திருந்தால் 250 கையில் நின்றிருக்கும்.